சின்ன விமானத்தில் ஆயில் கசிகிறதா? முதலில் கழுவுங்கள், பிறகு தேடுங்கள்

காலை ஆறு மணிக்கு முதல் சார்ட்டிக்கு, அதாவது அன்றைய முதல் பறத்தலுக்கு, முன்னால் விமானத்தைச் சுற்றிப் பார்க்கப் போன மாணவர், மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறுப்புச் சொட்டைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்து வருவார். விரலில் தொட்டு எடுத்தும் வந்திருப்பார். "சார், ஆயில் லீக் ஆகுது. பறக்கலாமா?"

பயிற்சி விமானங்களோடு வேலை பார்க்கிறவர்கள் காதில் இந்தக் கேள்வி விழாத மாதம் கிடையாது. அந்த மாணவருக்கும், ஹேங்கரில் புதிதாகச் சேர்ந்து இன்னும் லைசென்ஸ் வாங்காத பயிற்சி மெக்கானிக்குக்கும்தான் இதை எழுதுகிறேன். உதாரணமாக எடுத்துக்கொள்வது செஸ்னா 172. அதில் இருக்கும் நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சின் ஓ-320 ஆனாலும் ஐஓ-360 ஆனாலும் கசியும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயில் தெரிகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. இது மனதில் பதியாமல் கையில் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

ஏன் கசிகிறது?

இந்த எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. தண்ணீர் ஓடும் கார் எஞ்சின்போல ஒரே சீரான சூட்டில் இருக்காது. பறக்கும்போது நன்றாகச் சுடும், இறங்கியதும் குளிரும், அரை மணியில் அடுத்த மாணவர் வந்து மறுபடி சூடாக்குவார். எஞ்சினின் நடு உடலான கிராங்க்கேஸ் இரண்டு பாதியாகச் செய்து சேர்த்துப் போல்ட் போட்டது. அதில் நான்கு சிலிண்டர்கள் தனித்தனியாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ராக்கர் கவர் (வால்வுகளை இயக்கும் பகுதியின் மூடி), இரண்டு புஷ்ராட் குழாய்கள் (வால்வுகளைத் தள்ளும் தண்டுகள் ஓடுபவை), ஆயில் திரும்பி வர ஒரு குழாய். பின்பக்கம் மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தருவது), வேக்குவம் பம்ப் (சில கருவிகளைச் சுழலவைக்கும் உறிஞ்சு பம்ப்), ஃபில்டர். இத்தனை இணைப்புகளிலும் கேஸ்கெட்டோ, ரப்பர் சீலோ, ஓ-ரிங்கோ இருக்கிறது. சூடும் அதிர்வும் அவற்றை வருடக்கணக்கில் கெட்டிப்படுத்துகின்றன. ரொம்ப நாள் பறக்காமல் நிற்கும் விமானத்தில் சீல்கள் காய்ந்துபோவதும் உண்டு. ஆகவே கொஞ்சம் ஈரம் தெரிவதே ஆபத்து ஆகாது. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, வேகம் கூடுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சொட்டு ஆயில்தானா?

வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். பழைய எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும்; புதிதாக மாற்றியிருந்தால் தேன் நிறம். நீலக் கறை என்றால் அது 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல். சிவப்பாக இருந்தால் ஹைட்ராலிக் ஆயில், அதாவது பிரேக்கையோ மூக்குச் சக்கரத்தின் அதிர்வுதாங்கியையோ போய்ப் பார்க்க வேண்டும். பெட்ரோல் கசிவு முற்றிலும் வேறு கதை. அதைக் கண்டால் விமானத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பறக்கலாமா, கூடாதா?

கீழ்க்கண்டதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்த விமானம் பறக்கக் கூடாது: சொட்டு நிற்காமல் விழுகிறது, எக்ஸாஸ்ட் குழாய்மேல் ஆயில் படுகிறது, ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸிலோ ஃபில்டரிலோ, அதாவது அழுத்தத்தில் ஆயில் ஓடும் பகுதியில், கசிவு இருக்கிறது, விண்ட்ஷீல்டில் ஆயில் துளிகள் தெரிகின்றன, நேற்றுவரை இல்லாத கசிவு இன்று திடீரென்று வந்திருக்கிறது. சிலிண்டர் அடியிலோ கிராங்க்கேஸிலோ விரிசல் போன்ற கோடு தெரிந்தால் அதைச் சின்னக் கசிவுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது எஞ்சினைக் கழற்றும் வேலை.

இவை எதுவும் இல்லையென்றாலும் டெக் லாகில், அதாவது விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில், எழுதுங்கள். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று எழுதாமல் விட்ட கசிவுதான் பிறகு பெரிதாகிறது. யாரும் எழுதாததை யாரும் பார்ப்பதில்லை. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதிப்படி, உரிய லைசென்ஸ் உள்ள ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) பார்த்துக் கையெழுத்திட்டு ரிலீஸ் செய்ய வேண்டும். பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு அது பி1.2 பிரிவு. அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருக்கும் பைலட் ஆயிலையும் ஃபில்டரையும் தானே மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே எஞ்சின் மூடியான கௌலிங்கைத் திறக்க வேண்டாம்.

அளவு எடுங்கள்

டிப்ஸ்டிக்கைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தாலே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். எஞ்சினை நிறுத்தியதும் போய்ப் பார்த்தால் குறைவாகக் காட்டும், ஏனென்றால் மேலே இருக்கும் ஆயில் இன்னும் அடித்தொட்டியான சம்ப்புக்கு இறங்கியிருக்காது. சமதளத்தில் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, குச்சியை எடுத்துத் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பது இன்னும் நல்லது. காலை முதல் சார்ட்டிக்கு முன்னால் எடுக்கும் அளவுதான் நம்பத்தகுந்தது. சூடான எஞ்சினில் டிப்ஸ்டிக் மூடியைப் பலம்கொண்ட மட்டும் திருகாதீர்கள். ஆறியதும் அது பிடித்துக்கொண்டு வராது.

172 எஸ் மாடலில் சம்ப் கொள்ளளவு 8 குவார்ட். ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 0.95 லிட்டர். 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் எஞ்சினை இயக்கவே கூடாது என்று விமானக் கையேடு சொல்கிறது. நீண்ட பயணத்துக்கு 8 வரை நிரப்பச் சொல்கிறது. பயிற்சிப் பறத்தலுக்கு எப்போதும் 8 வரை நிரப்பினால், மேலே உள்ள கொஞ்சம் ஆயில், எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறி வயிற்றுப்பக்கம் முழுக்கப் பூசிவிடும். "லீக், லீக்" என்று கொண்டுவரப்படும் விமானங்களில் கணிசமானவை இப்படி அளவுக்கு மேல் ஊற்றப்பட்டவைதான். இரண்டு வாரம் 6-க்கும் 7-க்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். வயிறு சுத்தமாக இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

எவ்வளவு செலவாகலாம் என்பதற்கு லைகமிங் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 0.006-ஐ எஞ்சினின் குதிரைத்திறனால் பெருக்கி, 4-ஆல் பெருக்கி, 7.4-ஆல் வகுக்க வேண்டும். 180 குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.58 குவார்ட் வரும். இது உச்ச வரம்பு. இந்த அளவுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. நான் பார்த்த நல்ல எஞ்சின்கள் 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் எடுத்துக்கொண்டன. ஒரு நோட்டுப் போட்டு, ஆயில் ஊற்றும்போதெல்லாம் தேதி, எஞ்சின் மணி, ஊற்றிய அளவு மூன்றையும் எழுதுங்கள். 10 மணி நேரத்துக்கு ஒன்று என்று இருந்தது 4 மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆனால், தரையில் சொட்டே விழாவிட்டாலும் எஞ்சின் உங்களிடம் ஏதோ சொல்கிறது.

கழுவுவது

இனி வருவது ஏ.எம்.இ. மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை. நான் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொன்னால் இதன் அருமை புரியும். ஒரு 172-இல் சம்ப்பின் அடியில் ஆயிலை வடிக்க உள்ள டிரெயின் வால்வில் எப்போதும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வால்வின் ஓ-ரிங்கை மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடி சொட்டு. முழு வால்வையும் மாற்றினேன். மறுபடியும் அதே இடத்தில் அதே சொட்டு. மூன்றாவது தடவை நான் கீழே படுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் சீனியர் வந்து காலால் என் பூட்ஸைத் தட்டினார். "எந்திரி தம்பி. அழுக்குக்குள்ள ஆயிலத் தேடாத. மொதல்ல கழுவு."

முழு எஞ்சினையும் கழுவி, காயவைத்து, ஐந்து நிமிடம் ஓட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்தபோது, பின்பக்கம் வேக்குவம் பம்ப் உட்காரும் இடத்துக்கு அடியில் நூல்போல ஒரு பளபளப்பு. அது எஞ்சினின் பின்மூடியான அக்சஸரி கேஸின் விளிம்பு வழியே இறங்கி, சம்ப்பின் பின்சுவரில் ஒட்டி, அடியில் வளைந்து, எஞ்சினிலேயே தாழ்ந்த இடமான டிரெயின் வால்வில் போய்த் தொங்கியது. அந்த வால்வில் எந்தக் கோளாறும் இருந்திருக்கவில்லை. நான் மாற்றிய இரண்டு பொருளும் நல்ல நிலையில் இருந்தவை.

கழுவுவதற்கு முன்னால் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேக்னெட்டோ, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வேக்குவம் பம்ப், காற்று உள்ளே போகும் வாய் எல்லாவற்றையும் பாலிதீன் சுற்றி மூடுங்கள். கரைப்பான் மேக்னெட்டோவுக்குள் போனால் நீங்கள் புதிதாக ஒரு கோளாறை உண்டாக்கியிருப்பீர்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பராமரிப்புக் கையேடு அனுமதிக்கும் மினரல் ஸ்பிரிட் வகைக் கரைப்பானைப் பிரஷ்ஷிலும் ஸ்பிரேயிலும் பயன்படுத்துங்கள். கைக்கு எட்டுகிறதே என்று விமானப் பெட்ரோலில் துடைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். அதில் ஈயம் இருக்கிறது, கையுறை இல்லாத கை வழியே உடம்புக்குள் போகும்.

கழுவியதும் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி, நன்றாகக் காயவிடுங்கள். கரைப்பானின் வாசம் இருக்கும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது

விமானத்தைக் காற்று வரும் திசை நோக்கி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். காக்பிட்டில் ஒருவர், வெளியே ஒருவர். வெளியே நிற்பவர் ஓடும் எஞ்சினுக்கு அருகில் குனிந்து தேடக் கூடாது. பார்ப்பது எல்லாம் நிறுத்திய பிறகுதான். மேல் கௌலிங் இல்லாதபோது சிலிண்டர்களுக்குக் காற்று சரியாகப் போகாது. ஆகவே ஐந்து நிமிடத்துக்குமேல் ஓட்டாமல், சூட்டைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

நிறுத்தியதும் மேக்னெட்டோ ஆஃப், சாவியை வெளியே எடுத்து டேஷ்போர்டின்மேல் எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள். அப்போதும் ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளக் கூடாது. மேக்னெட்டோவின் வயர் அறுந்திருந்தால் சாவி வெளியே இருந்தும் எஞ்சின் ஒருமுறை உதைக்கும்.

இப்போது டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னாக, மேலிருந்து கீழாகப் பாருங்கள். பறக்கும்போது காற்று முன்வாயில் நுழைந்து, சிலிண்டர்களுக்கு மேலிருந்து கீழாக இறங்கி, பின்னடியில் வெளியேறுகிறது. ஆயிலும் அதே வழியில்தான் போகும். எனவே நனைந்திருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ அதுவே கசிவின் பிறப்பிடமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றும் தெரியவில்லையா? சந்தேகப்படும் இணைப்புகளின்மேல் மெல்லிதாக டால்கம் பவுடர் தூவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு தெளிவாக விழும். அப்படியும் சிக்காத கசிவு சிலநேரம் முழு சூட்டிலும் முழு அழுத்தத்திலும்தான் வெளிவரும். அதற்கு ஏ.எம்.இ. அனுமதித்தால் கௌலிங்கை மூடி ஒரு சர்க்யூட், அதாவது ஓடுபாதையைச் சுற்றி ஒரு வட்டம், போய்வந்து பார்க்க வேண்டும்.

எந்த இடம் என்ன சொல்கிறது?

ராக்கர் கவர். மிகச் சாதாரணமான கசிவு இதுதான். பார்த்தவுடன் ஸ்க்ரூவை இறுக்கத் தோன்றும். இறுக்காதீர்கள். பழைய கார்க் கேஸ்கெட் நசுங்கி இன்னும் மோசமாகும்; கவரின் விளிம்பும் வளைந்துபோகும். கேஸ்கெட்டை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் பழைய ஒட்டலைச் சுரண்டாமல் துடைத்து எடுங்கள், கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். சிலிக்கான் ரப்பர் கேஸ்கெட்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன, நீண்ட நாள் உழைக்கின்றன.

ஆயில் திரும்பும் குழாய். சிலிண்டர் தலையிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் மெல்லிய குழாய். அதன் கீழ்முனையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸும் கிளாம்ப்பும் இருக்கும். ஹோஸ் சூட்டில் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போகும். விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது. ஹோஸையும் கிளாம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் ஓடுவதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

புஷ்ராட் குழாய்களின் சீல் கசிந்தால் சிலிண்டரின் அடிப்பக்கம் முழுக்க ஈரமாகும். மெல்லிய ஈரம் என்றால் அடுத்த பெரிய இன்ஸ்பெக்ஷன்வரை கவனித்துக்கொண்டிருக்கலாம் என்று ஏ.எம்.இ. முடிவு செய்யக்கூடும், அது அவருடைய முடிவு.

வேக்குவம் பம்ப்பின் சீல் வேறு. சொட்டு சின்னதுதான், ஆனால் அந்த ஆயில் உலர் வகைப் பம்ப்புக்குள் போனால் உள்ளே இருக்கும் கார்பன் தகடுகளைக் கெடுத்துவிடும். பம்ப் போனால் செயற்கை அடிவானக் கருவி போகும். மேகத்துக்குள் பறக்கிறவருக்கு அது என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கசிவை நான் ஒருபோதும் "பார்த்துக்கலாம்" என்று விட்டதில்லை.

ஃபில்டர். ஆயில் மாற்றிய அடுத்த நாளே கசிவு வந்தால் முதலில் இங்கே வாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ஃபில்டர் ஏறியிருக்கும். இரண்டு வளையம் இருந்தால் அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். சாம்பியன் ஃபில்டர்களில் முடுக்கும் அளவு 16 முதல் 18 அடி-பவுண்டு என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். வளையத்தில் டி.சி.-4 கிரீஸ் பூசி, டார்க் ரெஞ்சால் முடுக்கி, ஃபில்டர் கழன்றுவிடாமல் பிடிக்கும் சேஃப்டி வயரை முடுக்கும் திசையில் இழுத்துக் கட்டுங்கள். ஃபில்டர் உட்காரும் கன்வெர்ட்டர் பிளேட்டுக்குப் பின்னாலும் ஒரு கேஸ்கெட் உண்டு. சில லைகமிங் எஞ்சின்களில் அது பிதுங்கி முழு ஆயிலும் போய்விடும் அபாயம் இருந்ததால், அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2002-12-07 என்ற எண்ணில் கட்டாய உத்தரவு போட்டது. உங்கள் எஞ்சினுக்கு அது பொருந்துமா என்று ஆவணங்களில் பாருங்கள். அந்தப் பிளேட்டின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் அது சின்னக் கசிவே அல்ல.

முன் சீல். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் கிராங்க்ஷாஃப்டைச் சுற்றி இருப்பது. இது கசிந்தால் ப்ரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு மூடியான ஸ்பின்னரின் பின்பக்கமும் கௌலிங்கின் முன்வாயும் நனைந்து, சில சமயம் விண்ட்ஷீல்டுவரை தெறிக்கும். சீலை மாற்ற ப்ரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும். அதற்குமுன் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி முன் சீல் வழியே ஆயிலைத் தள்ளும். குளவிகள் அதற்குள் மண்கூடு கட்டும். குளிர் நாடுகளில் முனையில் ஐஸ் பிடிக்கும், அதனால்தான் குழாயில் சற்று மேலே இன்னொரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையை ஓட்டை என்று நினைத்து டேப் ஒட்டிவிடாதீர்கள்.

கை வைக்கக் கூடாதவை

சிலிண்டர் அடி நட்டுகளையும் கிராங்க்கேஸின் நீண்ட போல்ட்டுகளையும் கசிவை நிறுத்த என்று யாரும் இறுக்கக் கூடாது. அவற்றின் இறுக்கம் உள்ளே பேரிங்குகளைப் பிடித்திருக்கும் இறுக்கமும்கூட. கசியும் இடத்தில் வெளியே சிலிக்கான் பசையைப் பிதுக்குவதும் கூடாது. பசை உள்ளே போய்ப் பிசிறாக உதிர்ந்தால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். கார் கடைகளில் விற்கும் "லீக் ஸ்டாப்" திரவங்களும், கார் ஆயிலும் இந்த எஞ்சினுக்கு ஆகாது.

பறக்கும்போது தெரிந்தால்

ஆயில் பிரஷர் குறைகிறது, கூடவே ஆயில் சூடு ஏறுகிறது என்றால் எஞ்சின் நிற்கப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பவரைக் குறைத்து, இறங்க இடம் தேர்ந்தெடுங்கள். 172 எஸ்-இல் பிரஷர் மீட்டரின் பச்சைப் பகுதி, அதாவது இயல்பான அளவு, 50 முதல் 90 பி.எஸ்.ஐ.; ஐடிலில்கூட 20-க்குக் கீழே போகக் கூடாது. பிரஷர் குறைவாகக் காட்டி, சூடு மாறாமல் இருந்தால் கருவியிலோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்விலோ கோளாறாக இருக்கலாம். பழைய 172-களில் பிரஷர் மீட்டருக்கு நேரடியாக ஆயில் குழாய் வரும். அது கசிந்தாலும் சம்ப் சட்டென்று காலியாகாதபடி நடுவில் ஒரு நுண்துளை வைத்திருக்கிறார்கள். அப்போதும் பக்கத்து விமான நிலையத்தில் இறங்குவதுதான் சரி. பயிற்றுநர் கூட இருந்தால் அவர் கவனிப்பார் என்று இருக்காதீர்கள், வாய்திறந்து சொல்லுங்கள்.

மூடுவதற்கு முன்

சரிசெய்த பிறகு மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டி, அதே இடத்தை வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். பழைய படங்களோடு ஒப்பிடப் புதிதாகவும் படம் எடுங்கள். ஏ.எம்.இ. கையெழுத்துப் போட்ட பிறகு, 5 மணி நேரம் பறந்ததும் கௌலிங்கைத் திறந்து ஒருமுறை, 10 மணி நேரத்தில் ஒருமுறை பாருங்கள். ஆயில் நோட்டில் "கேஸ்கெட் மாற்றியது" என்று அந்தத் தேதிக்கு நேரே எழுதுங்கள். அடுத்த குவார்ட் எத்தனை மணி நேரத்தில் போகிறது என்பது அங்கிருந்துதான் எண்ணப்படும்.

துணிகளை எண்ணுங்கள். ஆறு எடுத்து வந்திருந்தால் ஆறும் கையில் இருக்க வேண்டும். ஆயில் நனைந்த ஒரு துணி எக்ஸாஸ்ட்டுக்கும் கௌலிங்குக்கும் நடுவில் கிடக்க விட்டுவிட்டு மூடுவதைவிட, நீங்கள் தேடிக்கொண்டிருந்த அந்தச் சொட்டு எவ்வளவோ பாதுகாப்பானது.